கார் திரும்ப வசதியான எல்லை

நான் போட்ட மதகுகளின் மேல் இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து வழி மூடாமல் இருக்க நான் கட்டிய கருங்கல் அணைகள் இன்னும் நிற்கின்றன. இவற்றைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாத்தளையில் என் வீட்டுக்கு வரும், வீதி வேலை மேற்பார்க்கும் இளம் ஓவசியர்மார் தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் கேட்பது ஒன்றைத்தான்.

"ஐயா, நாவுலயில இருந்து லக்கல போற ரோட்டு ஓரத்துல ஒரு எல்லைக்கல்லு இருக்கே, அத நட்டது நீங்கதானாமே? பெரிய சரித்திரக் கல்லுன்னு சொல்றாங்க."

நட்டவன் நான்தான். அதில் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் மூன்று கார்கள் சிரமமில்லாமல் திரும்பலாம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

சுதந்திரம் கிடைத்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவன் நான். எந்த அரசாங்கக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. மாத்தளை டவுனில் கடை வைத்திருந்த அப்பா, மகன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தார். தார்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் தொப்பியோடு நிற்கும் மகனைப் பார்த்த பிறகு சில நாள் என்னோடு பேசவில்லை. வடிகாலுக்கு எவ்வளவு சரிவு கொடுப்பது, கல்லை எப்படி அடுக்குவது, தமிழில் எப்படி வேலை வாங்குவது, சிங்களத்தில் எப்படிச் சமாதானம் பேசுவது, இங்கிலீஷுக்கு முன்னால் எப்படிக் கை கட்டி நிற்பது, இவைதான் என் பயிற்சி. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் பயன்பட்டது.

அப்போது எனக்கு மேலே இருந்தவர் சிற்றம்பலம் என்ற துரை. யாழ்ப்பாணத்தவர். அந்த ஊர்க்காரர் எல்லாரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் பின் வந்தவரும் அதே ஊர்தான், தங்கமான மனுஷன். சிற்றம்பலம் வேறு ரகம். எங்கே போனாலும் கதிரையில் முதலில் கைக்குட்டையை விரிப்பார். நான்கு மூலையையும் இழுத்துச் சரி செய்வார். பிறகு அமர்வார். அவர் அமரும்வரை நாங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், அமர்ந்த பிறகும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். யாராவது ஒரு குறையைச் சொன்னால் மறுக்க மாட்டார். சொன்னதையே திருப்பிச் சொல்வார். "அப்ப நீர் சொல்லுறது என்னெண்டால்..." என்று ஆரம்பித்து, நாம் சொன்னதை முறுக்கி, ஒரு பைத்தியக்காரன் பேச்சு மாதிரி ஆக்கி, "அப்பிடித்தானே?" என்று கேட்பார். "இல்லைங்க ஐயா" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "அப்ப சரி, போம்" என்பார். அவருடைய காலத்தில் எங்கள் கந்தோரில் ஒரு குறையும் இருந்ததாகப் பதிவில்லை.

இனி கல்லின் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு நில அளவைக்காரத் துரை சங்கிலியும் ஆட்களுமாக அந்தப் பக்கம் வந்து, மலையடிவாரத்திலிருந்து ஓடைவரை ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான். கோட்டுக்கு இந்தப் பக்கம் கிராமம், அந்தப் பக்கம் முடிக்குரிய காடு, அதாவது அரசாங்கத்துச் சொத்து. அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் காட்டை எரித்துச் சேனை வெட்டிக் குரக்கன் தானியம் விதைத்தவர்கள், கோடு விழுந்த மறுநாள் காலையில் திருடர்களாக எழுந்தார்கள். கோட்டின் மூலையில் அம்புக்குறி வெட்டிய ஒரு சின்னக் கல்லை நட்டுவிட்டு அவன் போய்ச் சேர்ந்தான். நடந்தது அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, எங்கள் பெரிய மனிதர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். மாவட்டத்தின் சரித்திரத்தைப் பாதுகாக்க வேண்டுமாம். எதைப் பாதுகாப்பது என்று பல கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் அந்த அளவைக்காரனுக்கு வீதியோரத்தில் ஒரு நினைவுக்கல் வைப்பது என்று முடிவானது. காணியை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய வரிப் பணத்தில், காணியைப் பிடுங்கியவனுக்கு ஒரு பளிங்குக்கல்! கல்லை நடும் பொறுப்பு சிற்றம்பலம் துரையிடம் வந்தது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு இடம் பார்க்கப் புறப்பட்டார்.

"எங்க காணும் அந்தப் பழைய கல்லு?" என்று காரிலிருந்தே கேட்டார்.

"உள்ளுக்குங்க ஐயா. காட்டுக்குள்ள, ஓடைக்கிட்ட."

"கார் போகுமே?"

"போகாதுங்க. நடக்கணும். மைல் கணக்குல."

"ஆர் நடக்கிறது?"

கார் வீதியோடு மெதுவாக நகர்ந்தது. ஓரிடத்தில் நிழல் இல்லை என்றார். இன்னோரிடத்தில் நிழல் இருந்தது, கார் திரும்ப இடமில்லை. வேறோரிடம் அவருக்குப் பிடித்தது, ஆனால் பக்கத்தில் தேத்தண்ணி போட ஒரு வீடு இல்லை. ஒரு வளைவு தாண்டியதும் பெரிய மாமரம் ஒன்று வந்தது. கீழே அகலமான வெளி, பின்னால் ஓடு போட்ட சின்ன வீடு, அதற்குப் பின்னால் கத்தரியும் மிளகாயும், பிறகு வயல். காரை நிறுத்தச் சொன்னார்.

"இஞ்சதான்."

"ஐயா, எல்லை இங்க இல்லைங்களே."

"எல்லையெண்டது ஒரு கருத்து, காணும். கருத்தை எங்கையும் வைக்கலாம்."

வைத்தோம். இடுப்பளவு குழி தோண்டி, கருங்கல் போட்டு, கொங்கிரீட் இறக்கி, நான்கு பக்கமும் மட்டம் பார்த்து, அடிக்கட்டை காய்ந்த பிறகு பளிங்குப் பலகையைப் பித்தளை ஆணியால் இறுக்கினோம். வேலையில் ஒரு குறையும் கிடையாது. ஒரு யானை வந்து முதுகு சொறிந்தாலும் அசையாது. பலகையில் மூன்று மொழி. சிங்களம் மேலே, இங்கிலீஷ் நடுவே, தமிழ் காலடியில். "இவ்விடத்திலேயே காட்டையும் கிராமத்தையும் பிரிக்கும் எல்லை வகுக்கப்பட்டது. இக்கல்லுக்கு அப்பால் உள்ளது முடிக்குரிய நிலம். இவ்வளவையினால் இத்தேசம் ஒழுங்கு பெற்றது" என்பது வாசகம். எழுத்து வெட்டியவருக்குத் தமிழ் தெரியாது. 'ஒழுங்கு' என்பதை 'ஒதுங்கு' என்று வெட்டியிருந்தார். இத்தேசம் ஒதுங்கு பெற்றது! துரையிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தமிழிலை ஆர் வாசிக்கப் போகினம்?" என்றார். தமிழர்தான் அவரும்.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். பாண்ட் வாத்தியம், பாற்சோறு, கொண்டைப் பணியாரம், மாமரத்தடியில் கதிரைகள். அந்த மாமரமும் வெளியும் உதுமான் என்பவருடையவை. உதுமானின் வாப்பாவுக்கு வாப்பா காலத்திலிருந்து அவர்கள் அங்கே விவசாயம் செய்கிறார்கள். நல்ல உழைப்பாளி, ஆனால் வாயைத் திறந்தால் சண்டைதான். குடும்பத்தில் பேசுவதெல்லாம் அவர் மனைவி சல்மா; அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவோம். அன்றைக்கு வீட்டிலிருந்த கதிரை, கோப்பை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடுத்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, கடைசியில் எச்சில் கோப்பைகளையும் கழுவியவர் அவர்தான். பிரமுகர் பேசும்போது இந்த மண்ணின் ஒழுங்கைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். அந்தப் பெண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அத்தோடு கல்லை எல்லாரும் மறந்தார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் மட்டும் மறக்கவில்லை. வளைவில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, தமிழில் சொல்லியிருந்தபடியே கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டுப் போனார்கள்.

சில வருஷம் கழித்து அந்தப் பகுதிக்குப் புதிதாக ஒரு காணி அதிகாரி வந்தார். பழைய வரைபடத்தை விரித்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. ஜீப்பில் போகும்போது கல்லை வாசித்திருக்கிறார். கல்லுக்கு அப்பால் முடிக்குரிய நிலம்; கல்லுக்கு அப்பால் ஒரு வீடு, தோட்டம், வயல். ஆகவே அத்துமீறிக் குடியிருக்கிறார்கள். ஆகவே எழும்ப வேண்டும். இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி.

நான் அப்போது நாவுல டவுனுக்குக் கிட்ட ஒரு மதகு வேலையில் நின்றேன். சல்மா ராத்தா பஸ்ஸில் வந்து இறங்கினார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"ஓவசியர், ஒங்கட கல்லு எங்கள வீட்ட உட்டுப் போகச் சொல்லுதாமே?"

எனக்கு விளங்கவில்லை. ஊர்த் தலைவரான விதானை வந்து சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னார். அறுவடைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும். காணி உறுதிப் பத்திரத்தில் கிழக்கு எல்லை 'காட்டோரம்' என்று மட்டும்தான் இருக்கிறது; காட்டோரம் எங்கே என்று கேட்டால் அதிகாரி கல்லைக் காட்டுகிறார்.

"எங்கட மனுஷன் இரும்பு அலவாங்க எடுத்துக்கிட்டு நிக்கிறாரு, கல்லப் பொரட்டிப் போடப் போறேன்னு. நான் அலவாங்க ஒளிச்சு வச்சிட்டுத்தான் வந்தீக்கிறேன். அரசாங்கத்துக் கல்லுல கைய வச்சா ஜெயில்ல போட்டுருவாங்க. பொறகு காணியும் இல்ல, மனுஷனும் இல்ல. நீங்கதானே நட்டீங்க. எல்லை அது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"நான் சொன்னா எடுபடாது ராத்தா. தொரைதான் சொல்லணும்."

"அப்ப அவருக்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் போனேன். சிற்றம்பலம் துரை கைக்குட்டையின் நான்காவது மூலையைச் சரி செய்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நீர் சொல்லுறது என்னெண்டால், கொழும்பிலையிருந்து வந்த அவ்வளவு பெரிய மனுசன் ஒரு பொய்க் கல்லைத் திறந்து வைச்சவர். நான் அவருக்குப் பக்கத்திலை நிண்டு கை தட்டினனான். அப்பிடித்தானே?"

"இல்லைங்க ஐயா. ஆனா அந்தக் குடும்பம்..."

"அப்ப சரி. விசாரணை எண்டு வந்து கேட்டால், காட்டின இடத்திலை நட்டனான் எண்டு மட்டும் சொல்லும். போம்."

வெளியே வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். 'எல்லை இங்கே இல்லை' என்று துரை எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பெரிய மனிதருடைய முகம் கோணக் கூடாது. அதற்குப் பதில் ஒரு குடும்பம் சட்டி பானையோடு நடுவீதியில் நிற்கலாம். இதைத்தான் அந்தக் காலத்தில் நிர்வாகம் என்று சொன்னார்கள்.

உதுமான் போட்ட கூச்சலாலோ என்னவோ, கண்டியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பினார்கள். சிங்களவர், இளைஞர். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக விளங்கும், ஓரளவு பேசவும் செய்வார். விசாரணையை அந்த இடத்திலேயே வைத்தார். அதே மாமரத்தடி, அதே கதிரைகள். காணி அதிகாரி ஒரு பக்கம், சிற்றம்பலம் துரை தம் கைக்குட்டைமேல், நான் வழக்கம்போல நின்றபடி. உதுமானைக் காணவில்லை. காலையிலேயே கத்தரிக்காய் மூட்டையோடு மனைவி அவரை நாவுலச் சந்தைக்கு அனுப்பிவிட்டிருந்தார். சண்டை பிடிக்கிறவர் இருந்தால் காரியம் கெடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காணி அதிகாரி எழுந்து கல்லைக் காட்டினார். "இதுக்கு மேல சாட்சி என்ன வேணும்? கல்லே சொல்லுது." பெரிய வழக்கறிஞர் மாதிரி உட்கார்ந்தார்.

விசாரணை அதிகாரி என்னைப் பார்த்தார். "இத நட்டது நீங்களா?"

"ஆமாங்க சார். காட்டின இடத்துல நட்டேன்."

"யாரு காட்டினது?"

"ஐயாதாங்க."

அவர் துரையின் பக்கம் திரும்பினார். துரை தொண்டையைச் செருமினார். "கல்லிலை எழுதியிருக்கிறதுதான் என்ரை பதில்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வராது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அறுவடைக்கு முன் அந்தக் குடும்பம் போவது உறுதி என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் சல்மா ராத்தா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். முதல் கோப்பையைத் துரைக்கு நீட்டினார்.

"தொரைக்குச் சீனி கொறச்சல்தானே? அண்டைக்கும் அப்படித்தான் குடிச்சீங்க. ஞாபகம் ஈக்குது." துரையின் முகம் சற்று மலர்ந்தது. "அண்டைக்கு நடந்த மாதிரி ஒரு விசேஷத்த இந்தப் பக்கத்துல யாரும் கண்டதில்ல தொரை. இன்னும் பேசிக்கிறாங்க. பாண்டு என்ன, காரு என்ன! இந்த ரோட்டுல எவ்வளவு எடம் கெடக்கு, எப்புடித்தான் இப்படி ஒரு எடத்தத் தேடிப் புடிச்சீங்களோ."

விசாரணை அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தம் கொப்பியைத் திறந்தார். துரை கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தில் திறப்பு விழா மறுபடி தொடங்கியது.

"அது லேசான வேலையெண்டு நினைக்கிறியளே? ஆக்கள் எல்லாம் அந்தப் பழைய இடத்திலைதான் வைக்க வேணுமெண்டு நிண்டவை. காட்டுக்குள்ள, ஓடைக்குப் பக்கத்திலை! அட்டைக் கடி. பெரிய மனுசரை அங்க நடத்திக் கொண்டு போறதே? நான்தான் ஏலாதெண்டனான். ஒவ்வொரு இடமாப் பாத்தன். ஒண்டிலை வெயில். ஒண்டிலை கார் திருப்பேலாது. கடைசியா இந்த மாமரம். மூண்டு கார் ஒண்டாத் திரும்பும், பாண்ட்காரருக்கு நிழல், தேத்தண்ணிக்கு வீடு. உண்மையைச் சொன்னால், எல்லையை இஞ்ச கொண்டு வந்ததே நான்தான்!"

சொல்லி முடித்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. காணி அதிகாரி தம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் ஒரு அணில் கத்தியது. துரையின் சிரிப்பு மெதுமெதுவாக இறங்கியது. தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு ஏறுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

"அந்தப் பழைய கல் இன்னும் இருக்கா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

"இருக்குங்க சார்."

"போய்ப் பார்க்கலாம்."

போனோம். காணி அதிகாரி பளபளக்கும் சப்பாத்தோடு வயல் வரப்பில் வழுக்கிச் சேற்றில் முழங்கால்வரை இறங்கினார். துரை வரவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது என்று காரில் ஏறிக் கண்ணாடியை மேலே இழுத்துக்கொண்டார். உதுமானுடைய வயல் முடிந்து, பற்றைக்காடு தாண்டி, பெரிய காட்டுக்குள் நுழைந்து வெகுதூரம் நடந்த பிறகு ஓடை வந்தது. கரையில் பாசி படிந்த சின்னக் கல். மேலே அம்புக்குறி. விசாரணை அதிகாரி பாசியை விரலால் தேய்த்துப் பார்த்தார். திரும்பி, நாங்கள் வந்த வழியைப் பார்த்தார். காணி அதிகாரி குனிந்து காலிலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டை விட்டு எழும்பச் சொன்ன கட்டளை சில மாதத்தில் ரத்தானது. மன்னிப்பு, வருத்தம் என்று ஒன்றும் வரவில்லை. விதானை வந்து, "சரி, இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குள் அவர்கள் அறுவடையும் செய்து முடித்திருந்தார்கள்.

நான் ஒருநாள் சல்மா ராத்தாவிடம் கேட்டேன். "ராத்தா, தொரை அப்படி எல்லாத்தையும் கொட்டிருவாருன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "அண்டைக்கு விசேஷத்துல வாரவங்க போறவங்க எல்லாருக்கிட்டயும் அதே கதையத்தான் சொல்லிக்கிட்டு நின்னாரு. நான் பொறத்தால இருந்து கோப்ப கழுவிக்கிட்டு கேட்டேன். அவ்வளவு ஆசையா சொன்ன மனுஷன், இன்னொருக்கா கேட்டா சொல்லாம இருப்பாரா?"

எனக்குக் கிடைத்தது லக்கலயின் அந்தக் கோடிக்கு ஒரு மாற்றம். விசாரணையில் 'ஐயாதாங்க' என்று சொன்னதற்குக் கூலி. பஸ் எப்போது வரும் என்பதை யானைகள் தீர்மானிக்கிற ஊர் அது. சிற்றம்பலம் துரைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவருடைய பிரியாவிடைக் கூட்டத்தில் அவர் செய்த சாதனைகளைச் சொல்லும்போது அந்த எல்லைக்கல்லையும் சொன்னார்களாம். காணி அதிகாரி வேறு மாவட்டத்துக்குப் போனார். அங்கே எந்தக் கல்லை வாசித்தாரோ தெரியாது.

பலகையில் இருந்த வாசகத்தை யாரும் தொடவில்லை. விசாரணை நடந்த பிறகும், எல்லை எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும், ஒரு எழுத்து மாறவில்லை. மாறாக, சுற்றிக் கம்பி வேலி போட்டு வர்ணம் பூசினார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை அந்தப் பக்கம் போனேன். வளைவில் இறங்கினேன். கல்லைச் சுற்றி ஒரு பஸ் நிறைய வந்த பள்ளிக்கூடக் கூட்டம் நின்றது. பிள்ளைகள் வாசகத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு இளம் டீச்சர். வாசலில் நின்ற சல்மா ராத்தா என்னைக் கண்டதும் சிரித்தார். தலை நரைத்திருந்தது.

"வந்த நேரத்துக்கு நல்லதாப் போச்சு ஓவசியர். நான் சொன்னேன், டீச்சர் நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

நான் டீச்சரிடம் போனேன். கல்லை நட்டவன் நான் என்று சொன்னேன். எல்லை இங்கே இல்லை, காட்டுக்குள் ஓடைக்கரையில் இருக்கிறது, இது கார் திரும்புவதற்காகப் பார்த்த இடம் என்று முழுக்கதையையும் சொன்னேன். நல்ல மரியாதையான பெண். இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்படிங்களா சார்? நீங்க சொல்றது சரியா இருக்கலாம்" என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "பிள்ளைங்களா, கல்லுல உள்ளத அப்படியே எழுதுங்க. பரீட்சைக்கு இதுதான் வரும்."